பழைய கணினியும் மந்த இணையமும்

ஈழத்துத் தமிழ் நூல்களைத் தேடுவோர்க்கு, 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையக் களஞ்சியம் பெருந்துணையாகும். ஆயின், கண்டியிலே எம் பாடசாலையின் பழைய மேசைக் கணினியில் ஒரு நூல் வந்திறங்குமுன் பாடவேளையே முடிந்துவிடும். மாணவர் தேடலையே கைவிடத் தொடங்கினர்.

இணைப்பைப் பழிப்போர் முதலில் ரவுட்டரிலிருந்து கம்பி வழியாகக் கணினியை இணைத்துப் பார்த்தல் வேண்டும். கம்பியிலும் மந்தமாயின், சேவையையோ கணினியையோ ஆராய்க. வேகம் பெருகுமாயின் குறை வைஃபையிலே உள்ளது. எமக்குப் பெருகிற்று.

கணினியின் பின்புறத்திற் செருகிய சிறிய வைஃபை அடாப்டர், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே சிறைப்பட்டுக் கிடந்தது. மலைப்பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் வானொலி மங்குவதைக் கண்டியார் அறியாதவரல்லர். உலோகமும் தடித்த சுவரும் வைஃபை அலைகளுக்கு அத்தகைய மலைகளே. இரண்டு முழ யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியால் அடாப்டரை மேசைமீது கொணர்ந்ததும் வேகம் இருமடங்காயிற்று.

எனினும், 2003ஆம் ஆண்டின் 'ஜி' வகை அடாப்டருக்கு ஏட்டளவில் வினாடிக்கு 54 மெகாபிட்டே எல்லை. கைக்கு வருவது அதிற் பாதியும் இராது. அதன்மேல் வேண்டுவோர் அடாப்டரை மட்டும் மாற்றினாற் போதும். நல்ல கணினியைப் பழைய இரும்புக்குக் கொடுத்தாரும் உளர்! நிலையான கம்பியே இழுக்க இயலுமாயின் அதனினும் நன்று.