விடை கொடுத்த நாமகிரித் தாயார்

பேரன் நல்லதொரு உத்தியோகத்தை விட்டு வேறிடம் செல்லப் போகிறான் என்ற செய்தி எட்டியதும் வீட்டுப் பெரியவர்களின் மனம் கலங்குவது இயல்பே. கணித மேதை ஸ்ரீநிவாச ராமாநுஜனின் இல்லமும் இத்தகைய கலக்கத்தைக் கடந்து வந்ததுதான்.

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த ராமாநுஜனின் தந்தை ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர். கணிதத்தில் மட்டுமே மனம் தோய்ந்ததால் ராமாநுஜனால் கல்லூரித் தேர்வில் தேற இயலவில்லை. 1909-இல் திருமணமும் நடந்தது. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்து வந்தார். பிறர் தயவில் நெடுநாள் வாழ ராமாநுஜனுக்கு விருப்பமில்லை. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அடுப்பு எரிந்தது, குடும்பம் நிம்மதி அடைந்தது.

ஆயினும் உள்ளம் கணிதத்திலேயே நிலைத்திருந்தது. மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். இரவில் இருவரும் சிலேட்டுப் பலகையில் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு காட்டினார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் சென்றது. அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. குமாஸ்தா ஆராய்ச்சியாளரானார்.

அடுத்து இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது. கடல் கடப்பது ஆசாரத்துக்குப் புறம்பு என்று கருதப்பட்ட காலம் அது. அன்னை கோமளத்தம்மாள் இசையவில்லை. அக்குடும்பம் வழிபட்ட தெய்வம் நாமக்கல் நரசிம்ம சுவாமி திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள நாமகிரித் தாயார். ஓர் இரவு அன்னையின் கனவில் தாயார் தோன்றி, மகன் பிறந்த நோக்கத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டாம் எனக் கட்டளையிட்டதாகச் சொல்லப்படுகிறது. அன்னை மனமுவந்து விடை கொடுத்தார்.

அந்த விடை எளிதானதன்று. அன்னையும் மனைவியும் எழும்பூரில் ரயிலேறிக் கும்பகோணம் சென்ற பின்பே ராமாநுஜன் தம் குடுமியைக் களைந்தார். அக்காட்சியை அவர்கள் காண வேண்டாம் என்று எண்ணினார். 1914 மார்ச் 17 அன்று கப்பல் புறப்பட்டது.

உயர்வு வந்தபோதும் கடமையை அவர் மறக்கவில்லை. ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையில் 50 பவுன் பெற்றோருக்கென ஒதுக்கப்பட்டது. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில், தமக்குக் கிடைக்கும் தொகையில் தம் அவசியச் செலவும் பெற்றோருக்கான 50 பவுனும் போக எஞ்சுவதை ஏழை, அநாதைச் சிறுவர்களின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடுமாறு வேண்டினார். 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் மறைந்தார்.

வேலை மாற விரும்பும் பிள்ளையிடம், "சம்பளம் எவ்வளவு கூடும்?" என்று கேட்பதில் தவறில்லை. அத்துடன், "இறைவன் உனக்கு அளித்த திறமைக்கு அங்கே இடம் உண்டா? வீட்டுக் கடமை தவறாதிருக்குமா?" என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் வருமானால், குலதெய்வத்தின் சந்நிதியில் ஒரு விளக்கேற்றி, கோமளத்தம்மாளைப் போல மனமார விடை கொடுக்கலாம்.