விளையாட்டும் ஒரு பரிசோதனையே

கூடத்தில் நன்றாக நடந்து வரும் முதியவர், அறைவாசலை அடைந்ததும் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுகிறார். இதனைப் பிடிவாதம் என்றெண்ணிக் கடிந்துகொள்ளும் இல்லங்களும் உண்டு. ஆனால், பார்க்கின்சன் நோயுடையோரிடம் இது நோயின் செயலேயன்றி மனத்தின் செயலன்று. 1817-ஆம் ஆண்டில் இந்த நடுக்குவாதத்தை விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயராலேயே இந்நோய் வழங்கி வருகிறது.

மூளையில் டோபமின் என்னும் பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் இந்நோயில் படிப்படியாக அழிகின்றன. அதனால், நினையாமலே நிகழவேண்டிய நடை, ஒவ்வோர் அடிக்கும் கவனத்தை வேண்டி நிற்கிறது. கவனம் பிறிதொன்றில் சென்றால் கால் தடுமாறும். விழுந்தால் இடுப்பெலும்பு முறியவும் கூடும்.

மருத்துவரின் முன்னிலையிலோ நோயாளி முழுக் கவனத்துடன் நடப்பார். ஆகவே குறை மறைந்துவிடும். மறைந்ததை வெளிக்கொணர விளையாட்டைப் போன்ற சோதனைகள் உதவுகின்றன. 100-இலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்வது ஒன்று. தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் மாறிமாறி வரிசையாகக் கோட்டால் இணைக்கச் செய்வது மற்றொன்று. முன்னது நடையையும் சிந்தனையையும் ஒருங்கே சோதிக்கிறது. பின்னது சிந்தனையின் வேகத்தை அளக்கிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி முன்னேறினர். நோயாளி அமர்ந்தபடியே இரு மிதிகளை மாறிமாறி மிதிக்க, கணினித் திரையில் ஒரு நடைவழி நகரும், வாசல்கள் எதிர்ப்படும். நிறத்தின் பெயர் அதே நிறத்தில் தோன்றினால் நடக்கவேண்டும். வேறு நிறத்தில் தோன்றினால் நிற்கவேண்டும். மிதிகளுக்கிடையே நேரும் தாமதத்தைக் கணினி அளக்கும். கீழே விழும் அச்சமின்றியே கால் உறையும் தன்மையை இவ்வாறு ஆராய முடிகிறது.

இவ்விளையாட்டுகள் நோயைக் குணப்படுத்துபவை அல்ல; மருந்துக்கு மாற்றும் அல்ல. ஆயினும், நடப்பதும் மூளையின் உழைப்பே என்னும் உண்மையை அவை நமக்கு உணர்த்துகின்றன. ஆகவே, இந்நோயுற்ற பெரியவர் நடக்கையில் அவரிடம் பேச்சுக் கொடுக்காதிருப்போம். கால் உறைந்து நின்றால் கையைப் பிடித்து இழுக்கவேண்டாம்; சற்றுப் பொறுத்து, "ஒன்று, இரண்டு" என்று தாளத்தோடு எண்ணிக் கொடுப்போம். எந்த இடத்தில், எந்த வேளையில் நின்றார் என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் தெரிவிப்போம். அவர் அறையில் காணாததை இல்லத்தார் அன்றாடம் காண்கின்றனர் அல்லவா?