மொழி வகுப்பில் யார் பேசுகிறார்கள்?

மொழிப்பாடம் என்றால் பெண் பிள்ளைகள் கெட்டி என்று பெற்றோரும் ஆசிரியர்களும் சொல்வதுண்டு. மதிப்பெண்ணும் அதற்குச் சாட்சி சொல்கிறது. பீசா என்னும் பன்னாட்டு மாணவர் தேர்வின் 2018 வாசிப்புப் பகுதியில், அதை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளுடைய சராசரிப்படி, மாணவிகள் மாணவர்களைவிட 30 புள்ளிகள் கூடுதலாக எடுத்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ என்னும் பள்ளிப் பொதுத்தேர்வுக்கு அயல்மொழி ஒன்றை எடுத்தவர்கள் மாணவிகளில் பாதிப் பேர். மாணவர்களில் 38 சதவீதம்தான். ஆகவே பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை, பையன்களை மட்டும் கவனித்தால் போதும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அது அவசர முடிவு. வகுப்பில் யார் வாய் திறந்தார்கள், யார் கடைசிவரை திறக்கவே இல்லை என்பதை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது.

அதைக் காட்டியது ஒலிநாடா. பெண்ணிய ஆய்வாளர் டேல் ஸ்பெண்டர், இரு பாலருக்கும் சமமாக நேரம் தர வேண்டும் என்ற தீர்மானத்தோடு பாடம் நடத்தி, பத்து வகுப்புகளைப் பதிவு செய்தார். சில வகுப்புகள் முடிந்தபோது, மாணவிகளுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டோமோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. நாடாவைப் போட்டுக் கேட்டால், மாணவிகளுக்குக் கிடைத்தது சராசரியாக 38 சதவீத நேரம். எந்த வகுப்பிலும் 42ஐத் தாண்டவில்லை. சமத்துவத்தில் உறுதியாக இருந்தவருக்கே இப்படி என்றால், அதைப் பற்றி நினைத்தே பார்க்காத ஆசிரியரின் வகுப்பு எப்படி இருக்கும்? அமெரிக்காவில் வகுப்பறைகளை ஆராய்ந்த மைரா, டேவிட் சாட்கர் தம்பதியர் கண்டது இன்னும் நுணுக்கமானது. கை தூக்காமல் விடையைச் சத்தமாகச் சொல்வதில் பையன்கள் எட்டு மடங்கு முன்னால் இருந்தார்கள். பையன் அப்படிச் சொன்னால் ஆசிரியர் விடையை ஏற்றுக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். ஒரு பெண் அதையே செய்தால், கையைத் தூக்கிவிட்டுப் பேசு என்றார். இப்படித்தான் அடக்கம் பெண்ணின் சுபாவமாகிறது. இவை மொழி வகுப்புகள் மட்டும் இல்லைதான். ஆனால் கனடாவில் பஞ்சாபிக் குடும்பத்துச் சிறுவர் சிறுமியர் ஆங்கிலம் கற்ற வகுப்பில் அலிசன் ஜூல் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தபோதும், சிறுமிகளின் பேச்சு மிகச் சொற்பமாகவே இருந்தது.

பையன்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் பெரும்பகுதி அதட்டல்தானே என்று கேட்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு ஜெர்மன் வகுப்பை ஆராய்ந்த ஜேன் சண்டர்லேண்ட், பையன்களுக்குப் பாடம் சாராத பேச்சு அதிகம் போவதையும், ஒரு சொல்லுக்கு மேல் விடை கேட்கும் கேள்விகள் மாணவிகள் பக்கம் கூடுதலாகப் போவதையும் கண்டார். ஆக, பேச்சு நேரம் கூடியதால் பையன்கள் மொழியைக் கற்றுவிடவில்லை. பேசாமலே பெண்கள் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்களே, பிறகென்ன என்பது இன்னொரு கேள்வி. அதற்குப் பதில் கனடாவின் பிரெஞ்சு மூழ்கல் பள்ளிகளில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பாடங்களைப் பிரெஞ்சில் கேட்ட பிள்ளைகள், கேட்டதைப் பிரமாதமாகப் புரிந்துகொண்டார்கள். பேச்சும் எழுத்தும் மட்டும் பிழையோடு நின்றன. சொந்தமாக வாக்கியம் அமைக்க வாய்ப்புக் குறைந்ததே காரணம் என்று மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் வாதிட்டார். வரலாற்றை வாய் மூடிக் கேட்டே கற்றுவிட முடியும். பேச்சு மொழியை முடியாது.

மொழியில் பெண்கள் முந்துவதும் பையன்கள் ஒதுங்குவதும் பிறவிக் குணம் என்பவர்கள் ஆஸ்திரேலியாவைப் பார்க்கட்டும். மொழி பெண்களின் பாடம் என்று அங்கே எத்தனையோ பையன்கள் ஒதுங்கியதை ஜோ கார், ஆன் பாவெல்ஸ் பதிவு செய்திருக்கிறார்கள். வசதியான ஆண்கள் பள்ளிகளிலோ பையன்கள் விரும்பியே மொழி படித்தார்கள். பள்ளி மாறினால் விருப்பமும் மாறுகிறது.

அப்படியே வகுப்பின் பழக்கத்தையும் மாற்றலாம். ஆனால் பேசத் தயங்கும் பிள்ளையை எழுப்பி நிறுத்தி வதைப்பது தீர்வே அல்ல. கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருப்பது சுமார் 1 விநாடிதான் என்று 1970களில் மேரி பட் ரோ அளந்து சொன்னார். அதை 3 விநாடி ஆக்கியபோது விடைகள் நீண்டன; அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். முதலில் கத்துபவரின் விடையோடு கேள்வியை முடிக்காமல் மூன்று விநாடி காத்திருக்க எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. தன் வகுப்பைத் தானே கைபேசியில் பதிந்து, யார் எவ்வளவு பேசினார்கள் என்று எண்ணிப் பார்க்கவும் நிதி தேவையில்லை.