பார்வையளவை நூலும் அதனைப் பயிலும் மாணவரும்

ஐம்பொறிகளுள்ளே கண் சிறந்ததென்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும், கண்ணைப் பேணும் தொழில்களுள் ஒன்று இன்னதென்பதைக் கற்றாருள்ளும் பலர் அறியார். கண்ணில் அறுவை செய்பவர் கண் மருத்துவர்; கண்ணாடி விற்பவர் வணிகர். இவ்விருவர்க்கும் இடையே நின்று, பார்வையை அளந்து, அதன் குறையைத் தெளிந்து, தக்க வில்லையை வகுத்து, நோயின் குறி கண்டவிடத்து மருத்துவர்பால் விடுப்பவர் ஒருவர் உளர். அவரை ஆப்டோமெட்ரிஸ்ட் என்பர். காட்சியையும் அளவையும் உணர்த்தும் கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அப்பெயராதலின், யாம் ஈண்டு அவரைப் பார்வையளவையர் எனக் குறிப்பாம். அத்தொழிற்கு ஒரு மாணவர் எங்ஙனம் ஆயத்தமாகின்றார் என்பதை, அதனைப் பயிலும் நண்பர்பால் கேட்டும் நூல்களிற் கண்டும் அறிந்தவாறு ஒருசிறிது கூறுவாம்.

சென்னை எழும்பூரிலுள்ள அரசினர் கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டில் தோன்றியது. பார்வையளவையைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் எலைட் கல்விக்கூடமோ அந்நகரில் 1985-ஆம் ஆண்டிலேதான் நிறுவப்பெற்றது. இன்று தமிழ்நாட்டில் வேறு பல கல்லூரிகளிலும் இப்படிப்பு உண்டு. காலம் நான்கு ஆண்டு. அவற்றுள் இறுதியாண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சியாம்.

முதற்கண் மாணவர் கற்பது ஒளியின் இயல்பும் கண்ணின் அமைப்புமாகும். கண்ணின் ஒளிகுவிக்கும் ஆற்றல் ஏறக்குறைய 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு முன்புறத்துள்ள விழிவெண்படலத்தினது. எஞ்சியது உள்ளிருக்கும் வில்லையினது. விழிக்கோளம் முன்பின்னாக 24 மில்லிமீட்டர் அளவினது. அது 1 மில்லிமீட்டர் நீளின், ஏறக்குறைய 3 டயாப்டர் கிட்டப்பார்வை உண்டாகும். கடுகத்தனை வேறுபாடு ஒருவனைக் கரும்பலகையினின்று பிரித்து விடுகின்றதென்பது வியப்பன்றோ?

கண் சோதிக்கும் எழுத்தட்டையை யாவரும் கண்டிருப்போம். அதனை 1862-ஆம் ஆண்டில் ஹாலந்து தேயத்து ஸ்நெல்லன் என்னும் மருத்துவர் வகுத்தார். 6 மீட்டர் தொலைவில் 5 கலைக் கோணம் கொள்ளும் எழுத்தை வாசிப்பதே இயல்பான பார்வை என்பது அவர் கொண்ட அளவு. அவ்வெழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டரினும் சற்றுக் குறைவாம். 6/6 எனக் குறிப்பது இதனையே. 6/60 எனின், இயல்பான கண் 60 மீட்டரிற் காண்பதை இவர் 6 மீட்டரிற் காண்கின்றார் என்பது பொருள்.

எழுத்தறியாச் சிறுகுழந்தையின் பார்வையை எங்ஙனம் அளப்பது? இதற்கு உதவுவது ரெட்டினாஸ்கோப் என்னும் சிறு கருவி. இருளறையில் அமர்ந்து, கருவியின் ஒளியைக் குழந்தையின் கண்ணில் மெல்ல அசைத்தால், பாவையினுள் செவ்வொளி ஒன்று அசையக் காணலாம். அவ்வொளி கருவியோடு உடன் செல்லுமாயின் குவிவில்லையும், எதிர்த்துச் செல்லுமாயின் குழிவில்லையும் இட்டு, அசைவு ஒழியுங்காறும் மாற்றிக்கொண்டே வரல் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மீட்டர் தொலைவிலிருந்து நோக்கினாராயின், இறுதியில் ஒன்றரை டயாப்டரைக் கழித்தல் வேண்டும். குழந்தை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் கண்ணே விடை கூறிற்று. இக்கலை ஒருநாளிற் கைவருவதன்று. மாணவர் செயற்கைக் கண்ணிலும், பின்னர் ஒருவர் கண்ணில் ஒருவருமாகப் பன்முறை பழகுகின்றனர்.

இதனினும் அரியது நோயாளியின் சொல்லை உணர்தல். பாடம் ஆங்கிலத்தில் நிகழ்கின்றது. வருவோர் குறை கூறுவதோ நம் நாட்டு மொழியில். "கண்முன் பூச்சி பறக்கிறது" என்பார் ஒருவர். அது பெரும்பாலும் முதுமையின் விளைவே. ஆனால், பூச்சி திடீரெனப் பெருகியது, மின்னல் வெட்டுகிறது, ஓரத்தில் திரை விழுந்தாற்போல் இருக்கிறது என அவரே தொடர்வாராயின், விழித்திரை பெயர்கின்றதோ என ஐயுற்று, அன்றே மருத்துவர்பால் அனுப்புதல் வேண்டும். விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறதென்றும் கண் வலிக்கிறதென்றும் சொல்பவர்க்குக் கண்ணினுள் அழுத்தம் மிக்கிருத்தல் கூடும். "சரியாகத் தெரியவில்லை" என்னும் ஒரே தொடரில் இவையனைத்தையும் அடக்கிவிடும் மாணவர், ஒருவர் கண்ணை இழக்க ஏதுவாவார். தமிழ் பயில்வோராகிய யாம் சொற்பொருளை நுணுகி ஆராய்வது தேர்வின் பொருட்டு. அவரோ ஒருவர் பார்வையின் பொருட்டு ஆராய்கின்றார்.

இனி, இத்தொழிலுக்குரிய அறம் ஒன்றுண்டு. நீரிழிவுடையார்க்குக் குருதியிற் சர்க்கரை ஏறியிறங்குங்கால் பார்வையளவும் மாறும். அந்நாளில் கண்ணாடி வகுத்தால், சின்னாளில் அது பயனற்றதாகும். "இன்று கண்ணாடி வேண்டா, சர்க்கரை நிலைபெற்றபின் வருக" என உரைப்பவரே மெய்யான பார்வையளவையர். அவ்வுரையால் ஒரு விற்பனை கெடும். ஆயினும் ஒருவர் பொருள் காக்கப்படும். மற்றும், கிளாக்கோமா என்னும் நோயுடையார் பக்கப்பார்வையைச் சிறிது சிறிதாய் இழந்த பின்னும் அட்டையின் கடைசி வரியை வாசித்தல் கூடும். அட்டையை மட்டும் நம்பி "நன்று" என விடுத்தல் கேடாய் முடியும். தம் அறிவின் எல்லையை உணர்ந்து பிறர்பால் அனுப்புதலும் கல்வியின் பயனேயாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, பார்வைக் குறையுடையார் குறைந்தது 220 கோடியர். அவருள் குறைந்தது 100 கோடியர் குறை தடுக்கத்தக்கதாகவோ, இன்னும் கவனிக்கப்படாததாகவோ இருந்தது. ஒரு கண்ணாடியால் நீங்கும் குறையும் அவற்றுள் மிகுதி. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற இணை மருத்துவத் தொழிலர்க்கான ஆணையச் சட்டத்தில் பார்வையளவையரும் இடம்பெற்றனர். இனி இத்தொழில் ஒழுங்குபெற்று வளருமென நம்ப இடமுண்டு.

பிறவி முதல் மங்கலாகவே காணும் சிறுவன், உலகமே மங்கலென்று எண்ணுவானன்றித் தன் கண்ணிற் குறையுண்டென்று கூறான். ஆசிரியர் அவனை மந்தன் என்பர். ஒரு கண் மட்டும் குறையுடையதாயின் எவரும் அறியார். இளமையிலே திருத்தாவிடின், அக்கண் காணும் பழக்கத்தையே இழந்துவிடும். பின்னர்க் கண்ணாடியாலும் அதனை முற்றும் மீட்டல் அரிது. ஆதலின், நம் கல்லூரியினின்று ஆசிரியராய்ச் செல்லுவோர் கடைசி வரிசையிற் கண்ணைச் சுருக்கி நோக்கும் சிறுவனைக் கண்டால், கடியாது பார்வையளவையர்பால் அனுப்புவாராக. நம் முன்னோர் பிறர்மாட்டுக் கொள்ளும் இரக்கத்தைக் கண்ணோட்டம் என வழங்கினர். அது பார்வையளவையர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே வேண்டப்படுவதாம்.