வாய் திறவாத வகுப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் ஆலங்குளம் என்றால் யாவரும் அறிவர். 1970-ஆம் ஆண்டில் அரசாங்க சிமெண்டு ஆலை தோன்றிய ஊர் அது. அங்கே மட்டுமன்று, தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் தமிழ் வகுப்பு நடக்கும் வேளையில் ஜன்னலோரம் நின்று செவி சாய்த்தால், பெரும்பாலும் ஒரே குரல்தான் கேட்கும். உபாத்தியாயர் செய்யுளைப் படிக்கிறார், பதவுரை கூறுகிறார், பொழிப்புரையை எழுதிக்கொள்ளச் சொல்கிறார். நாற்பது பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதுகின்றனர். "விளங்கிற்றா?" என்கிறார். "விளங்கிற்று, ஐயா!" என்று நாற்பது தொண்டைகளும் ஒருமித்து முழங்குகின்றன. பாடம் முடிந்தது!

எது விளங்கிற்று? யாருக்கு விளங்கிற்று? இதைக் கேட்பாரில்லை.

இந்த மௌனத்தை மரியாதை என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். ஆசிரியர் எதிரே வாய் திறவாதிருப்பதே குருபக்தி என்றும், கேள்வி கேட்பது மேல்நாட்டிலிருந்து வந்த துடுக்குத்தனம் என்றும் கருதுகிறார்கள். இது நமது மரபை அறியாதார் கூற்று. ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குப் புலமையில் கால் பங்குதான் கிட்டும் என்கிறது அந்நூல். உடன் பயிலும் மாணாக்கரோடு கலந்து பயில்வதால் மற்றொரு கால் பங்கு. தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கு. வினவுவதையும், வினவியவற்றிற்கு விடையளிப்பதையும் மாணாக்கன் தன் கடனாகக் கொண்டால் அறியாமை அகலும் என்றும் அது வற்புறுத்துகிறது.

பாடம் கேட்கும்போது சித்திரப் பாவைபோல் அடங்கியிருக்க வேண்டும் என்பதும் அதே நன்னூல் அன்றோ என்று சிலர் கேட்கலாம். ஆம். ஊன்றிக் கேளாதவன் எதைக் குறித்து வினவுவான்? முதலில் அடக்கம், பின்னர் சிந்தனை, அதன் பின்னர் பேச்சு. முதற்படியிலேயே மாணாக்கனை நிறுத்திவிட்டு, முக்கால் பங்கை அவனிடமிருந்து பறித்துக்கொண்டவர்கள் நாமேயன்றிப் பவணந்தியார் அல்லர்.

செய்யுளைக் கலந்து பேசுவது எங்ஙனம்? ஆலங்குளத்துப் பிள்ளைகள் இதற்காக நெடுந்தூரம் தேடிப் போகவேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில் உள்ள முப்பது பாசுரங்களில் பதினைந்தாவதை எடுத்துக்கொள்ளலாம். அது முழுதும் சம்பாஷணை. வெளியே நிற்கும் பெண்கள் உறங்கும் தோழியை எழுப்புகிறார்கள். அவள் உள்ளிருந்து மறுமொழி கூறுகிறாள். ஆனால் எந்த வாக்கியம் யாருடையது என்று பாட்டில் குறிக்கப்படவில்லை. வகுப்பை இரு கட்சியாக்கி, இன்ன வாக்கியம் இன்னாருடையது என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லலாம்.

அதற்கடுத்து மற்றொரு வினா. வெளியே நிற்பவர்களே வாய்ச்சாலகர் என்று இடித்துரைத்த அப்பெண், மறுகணமே குற்றம் தன்மீதே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொள்கிறாளே, ஏன்? தோல்வியா? ஊடலா? பெருந்தன்மையா? பிறர் சுமத்திய பழியையும் தனதென்று ஏற்கும் உயர்ந்த பண்பை வைணவ உரையாசிரியர்கள் இதில் கண்டார்கள். கடைசிப் பெஞ்சிலுள்ள பையன் ஒருவன், "இல்லை, ஐயா, அவள் கேலியாகச் சொல்கிறாள்" என்று சொல்லக்கூடும். அவனை நகையாடி உட்கார வைக்கலாகாது. "பாட்டில் எந்தச் சொல் உனக்கு அப்படித் தோன்றச் செய்தது?" என்று கேட்க வேண்டும். அவன் திரும்பிப் பாட்டைப் பார்க்கிறானே, அந்தக் கணத்தில்தான் கல்வி நிகழ்கிறது.

தக்க வினா ஒன்று என்ன செய்யவல்லது என்பதற்கு நமது சரித்திரமே சான்று. 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. அவற்றுக்கும் முற்பட்ட சீவக சிந்தாமணி போன்ற நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் படித்ததில்லை. அவர் சினங்கொள்ளவில்லை; தெரியாததைத் தெரிந்ததாகப் பாசாங்கு செய்யவுமில்லை. ஏட்டையும் உரையையும் கொண்டு உழைத்தார். விளங்காத இடங்களைச் சைனர் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. கேட்டவர் கற்றுக் கேட்டார்; கேட்கப்பட்டவர் பணிந்து தேடினார். இவ்விரண்டும் சேர்ந்ததே நாம் வேண்டும் உரையாடல்.

ஆகவே, வாய்க்கு வந்ததைச் சொல்வதை நாம் ஆதரிக்கவில்லை. வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடக்கூடாது. பேச விரும்பும் மாணவன் செய்யுளை இருமுறையேனும் படித்திருக்க வேண்டும். தன் அபிப்பிராயத்திற்கு ஆதாரமான அடியைச் சுட்ட வேண்டும். மறுக்கும் முன்னர், எதிரி சொன்னதை அவனே ஒப்புக்கொள்ளுமாறு திருப்பிச் சொல்ல வேண்டும். தன் கருத்துத் தவறென்று கண்டால் நாணாமல் மாற்றிக்கொள்ள வேண்டும். உபாத்தியாயரோ, வினாவைத் தொடுத்தபின் விடையைத் தாமே சொல்லிவிடாமல் சிறிது காத்திருக்க வேண்டும். எப்போதும் கை தூக்கும் இருவரை விடுத்து, ஒருநாளும் பேசாத பெண்பிள்ளையை முதலில் அழைக்க வேண்டும்.

பரீட்சைக்கு நேரம் போதாதே என்பர். தானே வாதித்துத் தெளிந்த செய்யுளைப் பிள்ளை மறப்பதில்லை. நோட்ஸில் மனனம் செய்த பொழிப்புரையோ பரீட்சை முடிந்த மறுநாள் பறந்துவிடுகிறது.

தேச ஊழியர்களுக்கு இதில் என்ன அக்கறை? மிகுந்த அக்கறை உண்டு. குடியரசு தினத்தன்றும் காந்தி ஜெயந்தியன்றும் நமது ஊர்களில் கிராம சபை கூடுகிறது. தீர்மானம் வாசிக்கப்படுகிறது. "சம்மதமா?" என்று கேட்கிறார்கள். "சம்மதம்!" என்று குரல் எழுகிறது. குடிநீருக்கு எவ்வளவு, பாதைக்கு எவ்வளவு, சென்ற ஆண்டுத் தொகை என்னாயிற்று என்று எழுந்து கேட்பவர் எத்தனை பேர்? அன்று வகுப்பில் விளங்காமலே "விளங்கிற்று" என்ற பிள்ளைதான் இன்று ஆராயாமலே "சம்மதம்" என்கிறான். 1947-இல் நாம் பெற்ற சுதந்திரமும், 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் அளித்த பேச்சுரிமையும், பேசக் கற்காதவனுக்கு என்ன பயன் தரும்?

மேடையில் முழங்கிக் கைதட்டல் பெறும் நம்மவர்க்கும் இதில் பாடம் உண்டு. இளைஞர்களுக்குக் கோஷங்களைக் கற்பித்தோம், கேள்விகளைக் கற்பித்தோமா? ஊர் நூலகத்தில் வாரம் ஒருநாள் பத்துப் பிள்ளைகளைக் கூட்டி, ஒரே ஒரு செய்யுளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசச் செய்யுங்கள். தலைமையுரை வேண்டாம், மாலை வேண்டாம். நீங்களும் அவர்களோடு சமமாக உட்கார்ந்து, "எனக்கு இந்த அடி விளங்கவில்லை, உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று தொடங்குங்கள். பெரியவர் ஒருவர் அங்ஙனம் ஒப்புக்கொண்டால், அப்பத்துப் பிள்ளைகளும் வாய் திறப்பார்கள்.