மலைப் பந்தயத்தை எங்கே நின்று பார்ப்பது?

ஒரு பெரிய மிதிவண்டிப் பந்தயத்தைக் காண வெகுதொலைவு பயணம் செய்து போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சமவெளிச் சாலை ஒன்றின் ஓரத்தில் இடம் பிடித்து, வெயிலில் மூன்று மணி நேரம் காத்திருக்கிறீர்கள். தொலைவில் ஆரவாரம் கேட்கிறது. பல வண்ணச் சட்டைகள் ஒரே கூட்டமாக வந்து, 'உஸ்' என்ற ஓசையுடன் உங்களைக் கடந்து மறைகின்றன. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது! முதலில் சென்றவர் யார், பின்தங்கியவர் யார் என்று ஒன்றும் விளங்கவில்லை.

அதே பந்தயத்தை ஒரு மலைப்பாதையில் நின்று பார்த்தால் கதையே வேறு. வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். முதல் வீரருக்கும் கடைசி வீரருக்கும் இடையே அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஒவ்வொருவர் முகத்தையும், வழியும் வியர்வையையும்கூடக் காணலாம். இந்த வேறுபாடு ஏன் ஏற்படுகிறது? மலையில் எந்த இடம் நல்ல இடம், எந்த இடம் ஆபத்தான இடம்? இவற்றுக்கு நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலே விடை சொல்லும்.

21 வளைவுகள் கொண்ட மலை

பிரான்சு நாட்டில் 1903-இல் தொடங்கிய 'டூர் டி பிரான்ஸ்' உலகப் புகழ் பெற்ற மிதிவண்டிப் பந்தயம். மூன்று வாரங்கள், நாளுக்கு ஒரு கட்டமாக இது நடைபெறும். ஏறத்தாழ 180 வீரர்கள் கலந்துகொள்வார்கள். சில கட்டங்கள் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் மீது செல்லும்.

ஆல்ப்ஸ் மலையில் 'ஆல்ப் துவேஸ்' என்னும் ஊருக்கு ஏறும் பாதை பார்வையாளர்களிடையே பெயர் பெற்றது. அதன் நீளம் 13.8 கி.மீ. சராசரிச் சரிவு 8 விழுக்காடு. அதாவது 100 மீட்டர் சென்றால் 8 மீட்டர் உயரம் ஏறியிருப்போம். அடியிலிருந்து உச்சி வரை சுமார் 1,100 மீட்டர் ஏற்றம். வழியில் 21 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடியில் உள்ள வளைவின் எண் 21. உச்சியை நெருங்கும்போது எண் 1. இந்தப் பாதை 1952-இல் முதன்முதலாகப் பந்தயத்தில் சேர்க்கப்பட்டது. அன்று வென்றவர் இத்தாலி நாட்டு வீரர் ஃபாஸ்டோ கோப்பி.

காற்றும் புவியீர்ப்பும்

சமவெளியில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் செல்லும் வீரருக்கு முதல் எதிரி காற்று. அவர் தனியாகச் சென்றால், காற்றைப் பிளக்க மட்டும் ஏறத்தாழ 375 வாட் திறன் தேவைப்படும். ஆனால் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் காற்றின் தடை வெகுவாகக் குறையும். மூன்றில் ஒரு பங்கு உழைப்பை மிச்சப்படுத்தலாம். ஆகவேதான் சமவெளியில் அனைவரும் நெருக்கமான கூட்டமாகச் செல்கிறார்கள்.

மலையேற்றத்தில் வேகம் மணிக்கு 18 கி.மீ., அதாவது நொடிக்கு 5 மீட்டர் என்று கொள்வோம். வேகம் 2½ மடங்கு குறைந்துவிட்டது. காற்றின் தடை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். அதை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறும். ஆகவே அந்தத் திறன் 15 மடங்குக்கு மேல் குறைந்து, சுமார் 25 வாட் ஆகிவிடுகிறது.

ஆனால் இப்போது புவியீர்ப்பு குறுக்கே நிற்கிறது. வீரரும் வண்டியும் சேர்ந்து 70 கிலோகிராம் என்க. 8 விழுக்காடு சரிவில் நொடிக்கு 5 மீட்டர் சென்றால், நொடிக்கு 0.4 மீட்டர் உயர வேண்டும். தேவையான திறன்:

70 × 9.8 × 0.4 = 274 வாட்.

காற்றிலிருந்து ஒருவர் மற்றவருக்கு மறைவு தரலாம். புவியீர்ப்பிலிருந்து யாரும் யாருக்கும் மறைவு தர முடியாது! ஒவ்வொருவரும் தம் எடையைத் தாமே தூக்கியாக வேண்டும். அதனால்தான் மலையில் கூட்டம் உடைந்து நீண்ட சங்கிலியாகிறது. வலிமையின் வேறுபாடு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது.

எத்தனை நொடி பார்க்கலாம்?

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து சாலையின் 100 மீட்டர் நீளம் தெரிகிறது என்று கொள்வோம். ஒரு வீரர் உங்கள் கண்ணில் எவ்வளவு நேரம் படுவார்?

மலை இறக்கத்தில், மணிக்கு 72 கி.மீ. வேகத்தில்: 5 நொடி.
சமவெளியில், மணிக்கு 45 கி.மீ. வேகத்தில்: 8 நொடி.
மலையேற்றத்தில், மணிக்கு 18 கி.மீ. வேகத்தில்: 20 நொடி.

ஆகவே முதல் விதி: ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். சரிவு மிகுந்த இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

ஏற்றத்தில் எந்தப் பகுதி? அடிவாரத்தில் வீரர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே வந்து சேர்வார்கள். உச்சியில் வெற்றியாளரைக் காணலாம். ஆனால் கடைசிப் பகுதியில் தடுப்புக் கம்பிகளும் பெருங்கூட்டமும் இருக்கும். போட்டி உருவாவதைக் காண விரும்புவோருக்கு நடுப்பகுதியும் அதற்குச் சற்று மேலேயுள்ள பகுதியுமே ஏற்றவை.

வளைவு தரும் இரண்டாவது காட்சி

கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, பாதுகாப்பான மேட்டில் நின்றால் கீழே உள்ள சாலையும் தெரியும். அதே வீரரை முதலில் கீழே தொலைவிலும், சில நிமிடங்களுக்குப் பின் அருகிலும் காணலாம். கையில் கடிகாரம் இருந்தால் நீங்களே ஓர் ஆய்வாளர் ஆகலாம். கீழே உள்ள ஒரு மரத்தையோ கல்லையோ அடையாளமாகக் கொள்ளுங்கள். அதை முதல் வீரர் கடந்த நேரத்துக்கும் இரண்டாமவர் கடந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். அவர்கள் உங்களைக் கடக்கும்போது மீண்டும் குறியுங்கள். முதலில் 20 நொடி, பிறகு 30 நொடி என்றால் முதல்வர் தப்பிச் செல்கிறார். 20 நொடி 12 ஆகக் குறைந்தால் பின்னவர் துரத்திப் பிடிக்கிறார். ஒலிபெருக்கி சொல்வதற்கு முன்பே போட்டியின் போக்கு உங்களுக்குத் தெரிந்துவிடும்!

கட்டத்தின் வரைபடத்தையும் முன்கூட்டியே பாருங்கள். 2013-இல் வீரர்கள் ஒரே நாளில் ஆல்ப் துவேஸ் மலையை இருமுறை ஏறினார்கள். அன்று அந்தப் பாதையில் நின்றவர்களுக்கு இரட்டை விருந்து.

எங்கே நிற்கக் கூடாது?

இறக்கத்தில் உள்ள வளைவின் வெளிப்புறத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில், சாலைக்கும் சக்கரத்துக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.7 என்றால், மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில்தான் திரும்ப முடியும். அதற்கு மேல் சென்றால் தேவையான மையநோக்கு விசையை உராய்வு தராது. சக்கரம் வழுக்கி, வண்டி தொடுகோட்டின் திசையில் வெளியே பாயும். மழை பெய்தால் உராய்வு இன்னும் குறையும். வளைவுக்கு வெளியே நிற்பவர் அந்தத் தொடுகோட்டின் மீதே நிற்கிறார்.

நிறுத்தும் தொலைவையும் பாருங்கள். ஆபத்தைக் கண்டு தடையைப் பிடிக்க ஒரு நொடி ஆகிறது. பின் வேகம் நொடிக்கு 5 மீட்டர்/நொடி வீதம் குறைகிறது என்று கொள்வோம். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் வரும் வீரர் 7½ மீட்டரில் நிற்பார். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு 60 மீட்டர் வேண்டும்! வேகம் 4 மடங்கு. தொலைவோ 8 மடங்கு.

பார்வையாளரும் பந்தயத்தின் பகுதியே

ஏற்றத்தில் வேகம் குறைவுதானே என்று சாலைக்குள் இறங்குவது பெரும் தவறு. 1999-இல் ஆல்ப் துவேஸ் உச்சியை நெருங்கிய இத்தாலி வீரர் கியூசெப்பே குவேரினி முதலிடத்தில் வந்துகொண்டிருந்தார். படம் எடுக்கச் சாலையில் நின்ற ஒரு பார்வையாளர் மீது மோதி அவர் கீழே விழுந்தார். நல்லவேளையாக எழுந்து சென்று வென்றார். படப்பெட்டியின் கண்ணாடி வழியே பார்க்கும்போது தொலைவைக் கணிப்பது கடினம். தூரத்தில் இருப்பதாக நினைத்த வண்டி எதிரில் வந்து நிற்கும்.

2016-இல் வான்தூ மலையில் பலத்த காற்று வீசியதால் பந்தய முடிவிடம் சுமார் 6 கி.மீ. கீழே மாற்றப்பட்டது. பரந்து நிற்க வேண்டிய கூட்டம் குறுகிய பகுதியில் நெருங்கியது. வழி அடைபட்டு, முன்சென்ற மோட்டார் சைக்கிள் நிற்க நேர்ந்தது. அதன் மீது வீரர்கள் மோதினர். முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டை அணிந்திருந்த கிறிஸ் ஃபுரூம், வண்டி உடைந்ததால் மலைமீது கால்நடையாக ஓடிய காட்சியை உலகமே கண்டது. ஆண்டுக்கணக்கான உழைப்பு, சாலையோரத்தில் நிற்பவரின் ஓரடியில் வீணாகலாம்.

ஆகவே இடம் தேடும்போது இவற்றை நினைவில் கொள்ளுங்கள்: ஏற்றமான சாலை, கீழ்ப்பாதை தெரியும் மேடு, பின்னால் விலகிக்கொள்ள இடம், சாலைக்குள் நீளாத கையும் கொடியும். பந்தயத்துக்குப் பல மணி நேரம் முன்பே சாலை மூடப்படும். மேலே நடந்துதான் போக வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6½ டிகிரி செல்சியஸ் குறையும். எனவே கோடையிலும் கம்பளிச் சட்டையும் குடிநீரும் அவசியம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஆல்ப்ஸ் வரை போக வேண்டியதில்லை. வாகனங்கள் வராத ஒரு சமதளத்திலும் ஒரு சிறு சரிவிலும் 50 மீட்டர் அளந்து குறியிடுங்கள். நண்பர்கள் ஐவரை ஒன்றாக மிதிக்கச் சொல்லுங்கள். முதலாமவருக்கும் கடைசியாமவருக்கும் உள்ள நேர இடைவெளியை இரு இடங்களிலும் குறியுங்கள். எங்கே இடைவெளி கூடுகிறது? விடை கிடைத்தால், மலைப் பந்தயத்தை எங்கே நின்று பார்ப்பது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராது.