அப்பிளுக்குப் பதிலாகப் பப்பாசிக்காய்: தணலில் வேகும் கேக்

மாரிக்காலக் காற்றில் பப்பாசி மரம் முறிந்து விழுவது எமது கமக்காரருக்குப் புதியதன்று. அதன் தண்டு வைரம் பாயாதது. விழும்பொழுது மரத்திலுள்ள காய்களிற் பல, முற்றியும் பழுக்காதவையாயிருக்கும். அவற்றைச் சந்தையில் வாங்குவார் அரியர். சில கறிக்காகும், எஞ்சியவை எருக்குழிக்கே போகும். அக்காய்களைக் கொண்டு அப்பிள் கேக்கை ஒத்த பண்டமொன்றைச் செய்யும் முறை இங்கு கூறப்படுகின்றது.

அப்பிள் மரம் செவ்வனே பூத்துக் காய்ப்பதற்கு நீண்ட குளிர்காலம் வேண்டும். எமது தாழ்நிலங்களில் அஃதில்லை. ஆதலின் கடைகளிற் காணும் அப்பிள் கடல் கடந்து வருவதே. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி முடை ஏற்பட்டபொழுது, அப்பிள் மட்டுமன்றிக் கோதுமை மாவும் எரிவாயுவும் அரிதாயின. மகளின் பிறந்தநாளுக்கு அப்பிள் கேக் செய்வதாக வாக்களித்திருந்த ஒரு தாய், தமது வளவில் விழுந்து கிடந்த இரு மரங்களைக் காட்டி, “ஐயா, இதிலை ஏதும் செய்யேலுமோ?” என்று வினவினார்.

முயன்று பார்த்தோம். முதற் கேக் கெட்டது. காயைப் பச்சையாகச் சீவி மாவிற் கலந்துவிட்டேன். காயைச் சுற்றிலும் மா களியாகவே நின்றது. பப்பாசிப் பாலிலுள்ள பப்பேயின் என்னும் நொதியம் புரதத்தைச் சிதைப்பது. இறைச்சி மெதுவாவதற்குப் பப்பாசிக்காய்த் துண்டு இடுவதும் இதன் பொருட்டே. முட்டையின் புரதமும் கோதுமையின் பசையமும் சிதைந்தால் கேக்கைத் தாங்குவதற்கு எதுவுமில்லை. மெல்லச் சூடேறும் சட்டியில் நொதியத்துக்குப் போதிய அவகாசமும் கிடைத்தது. விவசாயப் பாடசாலையிற் படித்த இதனை அடுப்படியில் மறந்தமை வெட்கத்துக்குரியதே.

ஆகவே, சிறிது மஞ்சள் ஓடத் தொடங்கிய காயைத் தெரிந்து, தோலையும் விதையையும் நீக்கி, மெல்லிய துண்டுகளாக்கி, அரைமணி நேரம் உப்புநீரில் ஊறவிடுக. பின்னர் அந்நீரை ஊற்றிவிட்டு, புதுநீரிற் கால்மணி நேரம் கொதிக்க வைத்து வடித்தல் வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி பனங்கட்டித் தூள், ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளி, ஒரு துண்டு கறுவா ஆகியவற்றுடன் நீர் வற்றும்வரை கிளறுக. புளிப்பும் கறுவா மணமுமே அப்பிளை நினைவூட்டுவன. பப்பாசிக்குத் தனக்கெனச் சுவை சிறிதே. கறுவாத் துண்டை எடுத்துவிட்டு ஆறவிடுக. இத்துண்டுகள் 250 கிராம் போதும்.

கோதுமை மா 100 கிராமுடன், வறுத்த சிவப்பரிசி மா 100 கிராம் சேர்த்து, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் சிறிது உப்பும் இட்டு இருமுறை அரிக்குக. அரிசி மாவிற் பசையம் இல்லை. ஆதலின் அதனை இவ்வளவுக்கு மேற் கூட்டினால் கேக் உதிரும். சோடாவைக் கூட்டுவோரும் உளர். அதனாற் சவர்க்காரச் சுவையன்றி வேறு பயனில்லை.

முட்டை இரண்டை 150 கிராம் பனங்கட்டித் தூளுடன் நுரைக்க அடித்து, ஐந்து மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுக. மாவையும், தளர்வாக வரத்தக்க அளவு முதற்பாலையும் சேர்த்து, ஈற்றிற் பப்பாசித் துண்டுகளையும் இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளியையும் கலக்குக. புளி பட்டதும் சோடா பொங்கும், தாமதித்தல் ஆகாது.

போறணை இல்லாதோர், அகன்ற சட்டியில் இரண்டங்குல உயரத்துக்கு உலர்ந்த ஆற்றுமணலைப் பரப்பி, மூடிக் கால்மணி நேரம் சூடாக்குக. வாட்டிய வாழையிலை பரப்பி எண்ணெய் பூசிய தகரத்தில் கலவையை ஊற்றி, மணல்மீது வைத்துத் தட்டினால் மூடி, தட்டின்மேற் சிரட்டைத் தணலை இடுக. மேல் தணல் மிகுந்தும் கீழ்த் தணல் குறைந்தும் இருத்தல் நன்று. முக்கால்மணி நேரத்தின்பின் ஈர்க்கினாற் குத்திப் பார்க்க, மா ஒட்டாது வருமாயின் இறக்கலாம். ஈரமுள்ள பண்டமாதலின் இரண்டு நாளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது.

பிறந்தநாளன்று அச்சிறுமி இரு துண்டுகள் உண்டாள். அப்பிள் எங்கே என்று கேட்கவில்லை. பாட்டியார் மட்டும் கறுவா கூடிவிட்டது என்றார்.